பயிற்சி கொடுத்தாயிற்று, வார்டில் என்ன மாறியது? அளந்து பார்க்கும் வழி

தென் மாவட்டம் ஒன்றில், ஏறக்குறைய 250 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையில் நர்சிங் பயிற்சிப் பொறுப்பில் இருக்கிறேன். ஸ்டாஃப் நர்சுகள், லேப் டெக்னீஷியன்கள், புதிதாகச் சேரும் டியூட்டி டாக்டர்கள் என்று எல்லோருக்கும் பணியிடைப் பயிற்சி ஏற்பாடு செய்வது என் வேலை. தர ஆய்வு என்று வந்தால் முதலில் கேட்கப்படுவது வருகைப் பதிவேடு, அடுத்தது முன்தேர்வு, பின்தேர்வுத் தாள்கள். இரண்டும் தேவைதான். ஆனால் அந்தப் பயிற்சியால் படுக்கையில் இருக்கும் நோயாளிக்கு ஏதாவது கிடைத்ததா என்று கேட்டால், இரண்டு கோப்பிலும் பதில் இல்லை. வகுப்பு முடிந்து சில வாரங்கள் கழித்து வார்டில் போய் நின்றால்தான் அது தெரியும். அப்படி நின்று பார்க்கும் முறையைத்தான் எழுதுகிறேன். ஆராய்ச்சிக் குழுவோ தனி நிதியோ தேவையில்லை. பொறுமையான ஒரு இன்சார்ஜ் சிஸ்டர், ஒரு நோட்டு, கொஞ்சம் கணக்கு போதும்.

1959-இல் டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கர், பயிற்சியை நான்கு நிலைகளில் மதிப்பிடலாம் என்று எழுதினார். வந்தவர்களுக்குப் பயிற்சி பிடித்திருந்ததா? கற்றுக்கொண்டார்களா? கற்றதை வேலையில் செய்கிறார்களா? செய்ததால் விளைவு மாறியதா? இன்றும் பல மருத்துவமனைகள் இந்த வரிசையைத்தான் வைத்திருக்கின்றன. முதல் இரண்டுக்கும் செலவிடும் நேரத்தில் பாதியை மூன்றாவதற்குக் கொடுத்தாலே நிலவரம் தெரிந்துவிடும் என்பது என் உறுதியான எண்ணம்.

வகுப்புக்கு முன்பே எழுத வேண்டிய ஒரு வாக்கியம்

பயிற்சித் திட்டங்களில் நோக்கம் என்ற கட்டத்தில் "தொற்றுக் கட்டுப்பாடு குறித்த விழிப்புணர்வை ஏற்படுத்துதல்" என்று போட்டிருப்பார்கள். விழிப்புணர்வை எந்த வார்டில் போய் எப்படிப் பார்ப்பது? அதே கட்டத்தில் "ஸ்டாஃப் நர்சுகள் கேனுலா வழியாக மருந்து போடுவதற்கு முன் ஹேண்ட்ரப் போட்டுக் கையைச் சுத்தம் செய்வார்கள்" என்று எழுதிப் பாருங்கள். கேனுலா என்பது ரத்தக்குழாயில் செருகியிருக்கும் சிறு குழாய், ஹேண்ட்ரப் என்பது கையில் தேய்க்கும் ஆல்கஹால் திரவம். யார், எந்த நேரத்தில், என்ன செய்வார் என்ற மூன்றும் அந்த வாக்கியத்தில் இருக்கின்றன. கண்ணால் பார்க்கலாம், டிக் போடலாம். ஒரு பயிற்சிக்கு இப்படி ஒரு வாக்கியம் போதும், மிஞ்சினால் இரண்டு. பத்து எழுதினால் ஒன்றைக்கூட ஒழுங்காக அளக்க மாட்டோம்.

வாக்கியத்தை எழுதிய கையோடு, வகுப்பு தொடங்கும் முன் வார்டின் இன்றைய நிலையை அளந்துவிடுங்கள். இதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். வகுப்புக்குப் பிறகு 60 சதவீதம் என்று வந்தால் மகிழ்வதா வருந்துவதா? முன்பு 30 இருந்திருந்தால் ஒரு கதை, 65 இருந்திருந்தால் வேறு கதை. தேதி குறித்தாகிவிட்டது, அவசரம் என்று மேலிடத்தில் சொன்னாலும் முன்அளவுக்கு ஒரு வாரம் கேட்டு வாங்கிவிடுங்கள்.

கை சுத்தத்தை எண்ணும் முறை

உதாரணத்துக்குக் கை சுத்தத்தையே எடுத்துக்கொள்கிறேன். எல்லா மருத்துவமனையிலும் நடக்கும் பயிற்சி, அளக்கும் முறையும் தெளிவாக இருக்கிறது. உலக சுகாதார அமைப்பு 2009 வழிகாட்டியில் ஐந்து தருணங்களைச் சொல்கிறது: நோயாளியைத் தொடும் முன், சுத்தமாகச் செய்ய வேண்டிய செயலுக்கு முன், ரத்தம் போன்ற உடல் திரவம் பட வாய்ப்புள்ள வேலைக்குப் பின், நோயாளியைத் தொட்ட பின், நோயாளியைச் சுற்றியுள்ள பொருள்களைத் தொட்ட பின். இந்தத் தருணங்களில் கையைச் சுத்தம் செய்தே ஆக வேண்டிய ஒவ்வொரு கட்டாயமும் ஒரு 'வாய்ப்பு'. செய்த தடவைகளை வாய்ப்புகளால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் சதவீதம்.

எண்ணும்போது குழப்பம் வரும் இடத்தைச் சொல்கிறேன். ஒரு சிஸ்டர் 4-ஆம் படுக்கை நோயாளிக்கு பி.பி. பார்க்கிறார். அதே கையோடு அவருடைய கேனுலாவில் மருந்து போடுகிறார். நேராக 5-ஆம் படுக்கைக்குப் போய் நாடி பார்க்கிறார். இங்கே வாய்ப்புகள் எத்தனை? பி.பி. பார்க்கும் முன் ஒன்று, மருந்து போடும் முன் ஒன்று. இரண்டு படுக்கைகளுக்கும் நடுவில் 'தொட்ட பின்', 'தொடும் முன்' என்ற இரண்டு காரணங்கள் சேர்ந்து வந்தாலும் கையை ஒரு தடவை சுத்தம் செய்தால் போதும் என்பதால் அது ஒரே வாய்ப்பு. மொத்தம் மூன்று. நடுவில் மட்டும் ஹேண்ட்ரப் போட்டிருந்தால் மூன்றில் ஒன்று, 33 சதவீதம். க்ளவுஸ் போட்டிருந்தார் என்பதற்காகச் செய்ததாகக் குறிக்கக் கூடாது. க்ளவுஸ் கை சுத்தத்துக்கு மாற்று இல்லை.

ஒரு முறை நின்று பார்ப்பது ஏறக்குறைய 20 நிமிடம் இருக்கட்டும். ஒரே நேரத்தில் மூன்று பேருக்கு மேல் கவனிக்க வேண்டாம், கண் தவறும். முன்பும் பின்பும் ஒப்பிட வேண்டுமானால், பல அமர்வுகளில் பார்த்து, முன்அளவுக்கும் பின்அளவுக்கும் தனித்தனியாக ஏறக்குறைய 200 வாய்ப்புகள் சேர்க்கச் சொல்கிறது அதே அமைப்பு. அது வீண் கண்டிப்பு இல்லை. 20 வாய்ப்புகள் மட்டும் பார்த்து, 10 என்பது 12 ஆனால் 50 சதவீதம் 60 ஆகிவிடும். உண்மையில் கூடியது இரண்டே தடவை, அது யதேச்சையாகவும் நடக்கும்.

அடுத்தது நேரம். காலை பத்து மணிக்கு மட்டும் பார்த்தால் வார்டு அழகாகத்தான் தெரியும். டாக்டர் ரவுண்ட்ஸ் முடிந்திருக்கும், இன்சார்ஜ் இருப்பார், ஆட்களும் இருப்பார்கள். அதிகாலையில், நைட் டியூட்டி சிஸ்டர் ஒருவரே ரத்த மாதிரி எடுத்து, டெம்பரேச்சர் பார்த்து, ஆறு மணி ஊசிகளையும் போட்டு முடிக்க ஓடும் நேரத்தில் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலையும் பாருங்கள். முன்அளவில் எந்தெந்த ஷிஃப்டில் எவ்வளவு பார்த்தீர்களோ, பின்அளவிலும் அதே கலவை இருக்க வேண்டும். இல்லையென்றால் பயிற்சியை அளக்கிறோமா, ஷிஃப்டை அளக்கிறோமா என்றே தெரியாது.

பார்ப்பவர்கள் இரண்டு பேர் என்றால், முதலில் இருவரும் ஒரே இடத்தில் நின்று ஒரே வேலையைத் தனித்தனியாகக் குறித்து ஒப்பிடுங்கள். ஒருவர் 12 வாய்ப்பு என்றும் மற்றவர் 19 என்றும் எழுதியிருந்தால், உட்கார்ந்து பேசி ஒரே மாதிரி எண்ணும் வரை தொடங்க வேண்டாம்.

யாரோ பார்க்கிறார்கள் என்றால் எல்லோரும் செய்வார்கள்

இது மனித இயல்பு. 1920-களில் சிகாகோ அருகே ஹாதோர்ன் தொழிற்சாலையில் நடந்த ஆய்வுகளை வைத்து இதற்கு ஹாதோர்ன் விளைவு என்றே பெயர் வந்துவிட்டது. ஒளிந்து பார்ப்பது எனக்கு உடன்பாடில்லை, ஒரு தடவை தெரிந்துவிட்டால் வார்டின் நம்பிக்கை போய்விடும். மாறாக, எதற்காகப் பார்க்கிறோம், பெயர் எழுத மாட்டோம், மெமோவுக்கும் இன்க்ரிமென்ட்டுக்கும் இது போகாது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொன்னபடி நடக்கவும் வேண்டும். அப்புறம் அடிக்கடி போனால் அவர்களுக்கும் பழகிவிடும். முதல் சில அமர்வுகளின் எண்களை ஒதுக்கிவிட்டு அதற்குப் பிறகு வருவதை எடுத்துக்கொள்கிறேன்.

அதோடு, கண்ணுக்குத் தெரியாமல் உண்மை பேசும் ஒரு பதிவு ஸ்டோரில் இருக்கிறது. அதுதான் வார்டு பொருள் கேட்டு வாங்கும் இண்டென்ட் புத்தகம். 1000 நோயாளி நாட்களுக்குக் குறைந்தது 20 லிட்டர் ஹேண்ட்ரப் என்பது உலக சுகாதார அமைப்பு சொல்லும் அளவு, அதாவது ஒரு நோயாளிக்கு ஒரு நாளைக்கு 20 மில்லி. 30 படுக்கை வார்டு ஒரு மாதம் முழுக்க நிறைந்திருந்தால் 900 நோயாளி நாட்கள், 18 லிட்டர், அரை லிட்டர் பாட்டில் 36. கண்காணிப்பில் 80 சதவீதம் என்று வந்து, ஸ்டோரிலிருந்து போனது 9 பாட்டில்தான் என்றால் கண்காணிப்பு எண்ணை நம்ப வேண்டாம். மாதக் கடைசியில் இருப்பையும் பார்த்துக் கழித்துக்கொள்ளுங்கள். பாட்டில் வாங்கி அலமாரியில் வைத்திருப்பதும் உண்டு.

எழுத்துப் பதிவுகளை வைத்து அளப்பதில் கவனமாக இருங்கள். பிரசவம் எப்படி நகர்கிறது என்று குறித்துவரும் வரைபடமான பார்ட்டோகிராஃப் பற்றிய பயிற்சிக்குப் பிறகு எல்லா கேஸ் ஷீட்டிலும் பார்ட்டோகிராஃப் இருக்கலாம். பிரசவம் நடக்கும்போதே அரை மணிக்கு ஒரு தடவை குறித்ததா, குழந்தை பிறந்த பிறகு ஒரே மூச்சில் நிரப்பியதா என்பதுதான் கேள்வி. பிரசவ வலியில் தாய் இருக்கும்போதே அறைக்குள் போய், அந்த நிமிடம் வரை குறித்திருக்கிறதா என்று பாருங்கள். நிரம்பிய தாள்களை எண்ணுவதைவிட இப்படி ஐந்தாறு பிரசவங்களைப் பார்த்தால் அதிகம் தெரியும்.

கருத்துப் படிவமும் தேர்வுத் தாளும்

"பயிற்சி எப்படி இருந்தது?" என்று கேட்டால் "மிக நன்று" என்றுதான் வரும். சாப்பாடு நன்றாக இருந்தால் இன்னும் ஒரு கோடு கூடும். நான் கேட்பது ஒரே கேள்வி: "இன்று படித்ததில் நாளை உங்கள் டியூட்டியில் செய்ய முடியாதது எது, ஏன்?" பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லி, நர்சிங் சூப்பரின்டெண்ட் அறையில் இல்லாதபோது வாங்குங்கள். "ஐ.சி.யு.வில் வாஷ்பேசின் பக்கத்தில் டிஷ்யூ கிடையாது", "ஆறு பேருக்கு ஒரு தெர்மாமீட்டர்" என்று வரும் பதில்கள் பின்னால் மிகவும் பயன்படும். அந்தத் தாள்களைப் பத்திரமாக வையுங்கள்.

எழுத்துத் தேர்வு அறிவைக் காட்டும். கைவேலையை அது காட்டாது. பிறந்தும் அழாத குழந்தைக்கு முதல் ஒரு நிமிடத்துக்குள் பேக் அண்ட் மாஸ்க் (மாஸ்க்கோடு சேர்ந்த, அழுத்தினால் காற்று போகும் பை) வைத்துக் காற்று கொடுக்கத் தொடங்க வேண்டும், நிமிடத்துக்கு 40 முதல் 60 தடவை என்று எல்லோரும் சரியாக எழுதுவார்கள். டம்மியின் முகத்தில் மாஸ்க் வைத்து அழுத்தும்போது ஓரத்தில் காற்று கசிகிறதா, மார்பு எழும்புகிறதா என்பதைப் பார்த்தால்தான் தெரியும். மருத்துவக் கல்லூரிகளில் நடக்கும் ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வுபோல, செய்ய வேண்டியதைப் படிப்படியாகப் பட்டியலிட்டு ஒவ்வொன்றாக டிக் போடுங்கள்.

அதைவிட முக்கியம், எப்போது அளக்கிறோம் என்பது. வகுப்பு முடிந்த அதே மாலை எல்லோரும் நன்றாகச் செய்வார்கள். உயிர்ப்பிப்புத் திறன்கள் மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள்ளேயே மங்கிவிடும் என்பது சி.பி.ஆர். பயிற்சியில் திரும்பத் திரும்பக் கண்டது. அதனால் மூன்றாம் மாதத்தில், வகுப்பறையில் அல்ல, லேபர் ரூமிலேயே ஒரு ஒத்திகை வையுங்கள். டம்மியை வார்மரில் (பிறந்த குழந்தையைச் சூடாக வைக்கும் மேடை) வைத்து "குழந்தை அழவில்லை" என்று சொல்லிவிட்டு ஸ்டாப்வாட்சை அழுத்துங்கள். முதல் காற்று போக எத்தனை நொடி? நிறைமாதக் குழந்தைக்கான 1-ஆம் எண் மாஸ்க்கை எடுத்தார்களா, 0-வையா? நிஜமான பிரசவம் நெருங்கும் நேரத்தில் மட்டும் இதை வைக்க வேண்டாம்.

இந்த ஒத்திகை இன்னொரு விதத்திலும் உதவும். ஒரு ஒத்திகையில் எங்கள் சிஸ்டர்கள் எல்லாப் படிகளையும் தெரிந்து வைத்திருந்தார்கள், ஆனால் முதல் காற்று போக மிகவும் தாமதமானது. காரணம், குறைமாத மாஸ்க் அலமாரிக்குள், அலமாரிச் சாவி இன்சார்ஜிடம், அவர் மாலை ஷிஃப்டில் இல்லை. மறுபடி எத்தனை வகுப்பு எடுத்தாலும் அந்தத் தாமதம் குறையாது. அன்றே மாஸ்க் வார்மர் தட்டுக்கு வந்தது. அடுத்த ஒத்திகையில் நேரம் இறங்கியது.

எண் உயரவில்லையா? பயிற்சியைக் குறை சொல்லும் முன்

செய்யாதவரிடம் போய்த் தனியாக, குற்றம் சாட்டாத குரலில் கேளுங்கள். "பாட்டில் காலி மேடம், இண்டென்ட் போட்டாச்சு, இன்னும் வரல" என்பார் ஒருவர். "கை எரியுது மேடம், தோல் வெடிச்சிருக்கு" என்பார் இன்னொருவர். மூன்றாமவர் பேசத் தயங்குவார். நெருக்கிக் கேட்டால், சீஃப் டாக்டர் ஒவ்வொரு படுக்கையாகத் தொட்டுக்கொண்டே போகிறார், நான் மட்டும் நின்று ஹேண்ட்ரப் போட்டால் ரவுண்ட்ஸ் நகர்ந்துவிடும் என்பார். தெரியாததால் செய்யவில்லையா, கை பழகாததால் செய்யவில்லையா, பொருள் இல்லாமலா, நேரம் இல்லாமலா, மூத்தவர் செய்யாததாலா? முதல் இரண்டுக்குத்தான் மறுபயிற்சி மருந்து. மற்றவற்றுக்கு ஸ்டோரிலும் டியூட்டி ராஸ்டரிலும் மருத்துவ மேலாளர் அறையிலும்தான் வேலை நடக்க வேண்டும்.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். இன்று வார்டில் டியூட்டி பார்ப்பவர்களில் அந்த வகுப்பில் இருந்தவர் எத்தனை பேர்? தனியார் மருத்துவமனைகளில் சிஸ்டர்கள் வளைகுடா நாட்டுக்கோ அரசுப் பணிக்கோ போய்விடுவார்கள், புதியவர்கள் வந்திருப்பார்கள். வகுப்புக்கும் பெரும்பாலும் அனுப்பப்படுவது அன்றைக்கு வார்டில் விடுவிக்க முடிந்தவர்களைத்தான், நைட் டியூட்டிக்காரர்கள் விடுபட்டிருப்பார்கள். பயிற்சி பெற்றவர்களையும் பெறாதவர்களையும் தனித்தனிக் கட்டத்தில் குறித்தால், பயிற்சி பலிக்கவில்லையா, பயிற்சியே போய்ச் சேரவில்லையா என்பது பிரிந்து தெரியும்.

நோயாளிக்குக் கிடைத்த விளைவு

இதைத்தான் நிர்வாகம் முதலில் கேட்கும். இங்கே அவசரப்படக் கூடாது. இரண்டு பெரிய முயற்சிகளை நினைவில் வையுங்கள். அமெரிக்காவில் மிச்சிகன் மாநில ஐ.சி.யு.க்களில் பீட்டர் ப்ரோனோவோஸ்ட் குழு சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக்குழாயில் செருகும் கதீட்டர்) தொற்றைக் குறைக்க எடுத்த முயற்சி 2006-இல் வெளியானது. 1000 கதீட்டர் நாட்களுக்கு 2.7 என்று இருந்த தொற்று விகிதத்தின் நடு மதிப்பு (எண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) மூன்று மாதத்தில் பூஜ்யமானது. அங்கே வகுப்பு மட்டும் நடக்கவில்லை. தேவையான பொருள்கள் எல்லாம் ஒரே வண்டியில் இருந்தன, படி தவறினால் டாக்டரையே நிறுத்தச் சொல்லும் அதிகாரம் நர்சுக்கு இருந்தது.

இன்னொன்று நம் நாட்டில், உத்தரப் பிரதேசத்தில் 120 மருத்துவ நிலையங்களில் நடந்த பெட்டர்பர்த் ஆய்வு, 2017-இல் வெளிவந்தது. பாதுகாப்பான பிரசவத்துக்கான பட்டியலைக் கொடுத்து, பல மாதங்கள் கூடவே இருந்து வழிகாட்டினார்கள். செய்ய வேண்டியவற்றைச் செய்த அளவு ஏறக்குறைய 73 சதவீதம், வழிகாட்டல் இல்லாத இடங்களில் 42. ஓராண்டில் அந்த 73 என்பது 62 ஆக இறங்கியது. ஆனால் தாய் சேய் மரணமும் தாய்க்கு வரும் கடும் சிக்கலும் சேர்த்துப் பார்த்தால் இரு பக்கமும் 15 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. வேலை செய்யும் விதம் நிஜமாகவே மாறியும் மரணம் குறையவில்லை. நமக்கு இதில் இரண்டு பாடம். விளைவு மாறாததால் பயிற்சி தோற்றது என்று எழுதிவிடக் கூடாது. நடத்தை மாறியதால் உயிர்கள் காப்பாற்றப்பட்டன என்றும் எழுதிவிடக் கூடாது. இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள்.

ஒரு மருத்துவமனையில் மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை மட்டும் நடக்கும் சம்பவங்களை வைத்துப் பயிற்சியை எடை போட முடியாது. வாரத்துக்கு ஒரு புள்ளியாக வரைபடத் தாளில் குறித்து, பயிற்சி நடந்த தேதியில் ஒரு கோடு போடுங்கள். முன்அளவின் நடு மதிப்புக்கு ஒரே பக்கமாகத் தொடர்ந்து ஆறு புள்ளிகள் விழுந்தால் ஏதோ மாறியிருக்கிறது என்று கொள்ளலாம். அது பயிற்சியால்தானா? அக்டோபர் முதல் டிசம்பர் வரை டெங்குக் கூட்டத்தில் வார்டு நிரம்பி வழியும், அப்போது எல்லா எண்ணும் ஆடும். முடிந்தால் ஆண்கள் மெடிக்கல் வார்டுக்கு இந்த மாதமும் பெண்கள் வார்டுக்கு இரண்டு மாதம் கழித்தும் பயிற்சி கொடுங்கள். இரண்டிலும் முதல் நாளிலிருந்தே அளந்தால், அந்தந்த வார்டில் அந்தந்தச் சமயத்தில் எண் நகர்ந்ததா என்று பார்த்துவிடலாம். யாருக்கும் பயிற்சியை மறுத்ததாகவும் ஆகாது.

ஊசி குத்திய காயங்களைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். பயன்படுத்திய ஊசிக்குத் திரும்ப மூடி போடக் கூடாது, உடனே கட்டரில் வெட்டி வெள்ளை டப்பாவில் போட வேண்டும் என்று பயிற்சி கொடுத்த அடுத்த மாதமே காயப் பதிவேட்டில் எண்ணிக்கை கூடும். நிர்வாகக் கூட்டத்தில் "பயிற்சி கொடுத்தும் கூடியிருக்கிறதே" என்று முகம் சுளிப்பார்கள். பெரும்பாலும் அது நல்ல செய்தி. முன்பு பயந்து மறைத்தவர்கள் இப்போது சொல்கிறார்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். சொன்னால்தானே அந்தச் சிஸ்டருக்கு அது கிடைக்கும்? அதனால் பதிவேட்டோடு நிறுத்தாமல், பெயரில்லாத ஒரு சீட்டில் "கடந்த மூன்று மாதத்தில் ஊசி குத்தியதா? பதிவு செய்தீர்களா?" என்று கேளுங்கள். குத்தியவர் குறைந்து, பதிவு செய்தவர் கூடியிருந்தால் அந்தப் பயிற்சி வேலை செய்திருக்கிறது. மூடி போட்ட ஊசிகள் டப்பாவில் எத்தனை கிடக்கின்றன என்று கையை விடாமல், வெளியிலிருந்தே தெரிகிற வரைக்கும் பாருங்கள்.

யாரிடம், எப்படிச் சொல்வது

முடிவை முதலில் வார்டுக்குச் சொல்லுங்கள், பிறகு நிர்வாகத்துக்கு. காலை ஹேண்டோவர் நேரத்தில் ஐந்து நிமிடம் போதும். வார்டின் எண் மட்டும், ஆள் பெயர் வேண்டாம். வார்டுக்கு வார்டு போட்டி வைத்துச் சுழற்கோப்பை கொடுப்பதை நான் ஏற்பதில்லை. அடுத்த முறை எண்ணை அழகாக்கிக் கொடுப்பார்கள், நமக்கு உண்மை கிடைக்காது.

நிர்வாகத்துக்கு ஒரே பக்கம். நாம் எழுதிய அந்த வாக்கியம், முன்அளவு, பின்அளவு, எத்தனை வாய்ப்புகள் பார்த்தோம், எந்த ஷிஃப்டுகள், இடையில் வேறு என்ன மாறியது, செய்ய முடியாமல் போனதற்குச் சிஸ்டர்கள் சொன்ன காரணங்கள். கடைசியில் தெளிவாக ஒரு கோரிக்கை: இந்தப் பயிற்சியைத் தொடரலாம், மாற்ற வேண்டும், அல்லது நிறுத்தலாம். கருத்துப் படிவத்தில் வந்த டிஷ்யூவும் தெர்மாமீட்டரும் இங்கேதான் கை கொடுக்கும். "பொருள் வாங்க இவ்வளவு ஆகும், மறுபடி வகுப்பு எடுக்க இத்தனை நர்ஸ் மணி நேரம் போகும்" என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால் ஸ்டோர் கோப்பு நகரும்.

மூன்றாம் மாதம் அளந்ததை அதே படிவத்தில், அதே ஷிஃப்ட் கலவையில் ஆறாம் மாதமும் ஓராண்டிலும் அளக்க இப்போதே டியூட்டி ராஸ்டரில் ஆள் பெயரோடு தேதி போட்டு வையுங்கள். பார்க்கப் போகிறவருக்கு அந்த நேரம் வார்டுப் பொறுப்பு எதுவும் கொடுக்க வேண்டாம் என்று சூப்பரின்டெண்டிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.